முக்குளிப்போரின் மூச்சுக்காற்று: ஒரு வரலாற்றுக் குறிப்பு

விஞ்ஞான வரலாற்றை மேதைகளின் வரலாறாக மட்டும் நோக்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. முக்குளிப்போரின் காற்றிலிருந்து காபனோரொட்சைட்டை அகற்றும் முறை உருவான வரலாறு, இந்நோக்கின் குறைபாட்டை நமக்கு உணர்த்துகின்றது.

காபனோரொட்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான நாட்டத்துடன் அது குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கின்றது. குருதியில் அதன் செயலை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குளோட் பேர்னார்ட் ஆராய்ந்தார். நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துகளில் மாண்டோருட் பெரும்பாலோரைக் கொன்றது இவ்வாயுவே என 1896இல் ஜே. எஸ். ஹோல்டேன் அறிக்கையிட்டார். அவ்வறிவுக்கு விலை கொடுத்தோர் சுரங்கத் தொழிலாளரே. அதே ஹோல்டேன் 1908இல் முக்குளிப்போருக்கான அமுக்கக் குறைப்பு அட்டவணைகளையும் தம் சகாக்களுடன் வெளியிட்டார்.

நச்சை அறிந்தாயிற்று, அகற்றுவது எவ்வாறு? கரி இதனை எளிதிற் பற்றுவதில்லை. இதற்கான விடையைத் தேடும் பணத்தை முதலாம் உலகப் போரே வழங்கியது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ், கலிபோர்னியாப் பல்கலைக்கழகங்களின் இரசாயனவியலாளர் உருவாக்கிய ஊக்கி, அவ்விரு பெயர்களையும் இணைத்து 'ஹொப்கலைற்' எனப்பட்டது. மங்கனீசீரொட்சைட்டும் செப்பொட்சைட்டும் அதன் முதன்மைக் கூறுகள். சாதாரண வெப்பநிலையிலேயே அது காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாக மாற்றும். எனினும் ஈரம் பட்டால் அது செயலிழந்துவிடும். ஆகவே காற்றை முதலில் உலர்த்துதல் இன்றியமையாதது.

1943இல் கூஸ்தோவும் கஞ்ஞானும் உருவாக்கிய சுவாசக் கருவியின் பின், உருளையில் அடைத்த காற்றுடன் மூழ்குவது பரவியது. அமுக்கியின் உள்வாய் இயந்திரப் புகையை இழுத்தாலோ, அதன் மசகெண்ணெய் மிகைவெப்பத்தாற் சிதைந்தாலோ நச்சு உருளைக்குட் புகும். முப்பது மீற்றர் ஆழத்தில் அமுக்கம் நான்கு வளிமண்டலம். அங்கே பத்து இலட்சத்தில் 10 பங்கு நச்சு, கடல் மட்டத்தில் 40 பங்குக்கு ஒப்பான பகுதியமுக்கத்தைப் பெறுகின்றது. ஐரோப்பிய நியமம் 1998இல் 15 பங்கென விதித்த எல்லையை 2014இல் 5 பங்காகக் குறைத்தது.

இலங்கையின் வடமேற்குக் கடலில் சங்கும் கடலட்டையும் எடுப்போர் பலர் உருளைக் காற்றை நம்பியே மூழ்குகின்றனர். மணமற்ற நச்சைத் தம் புலன்களால் அவர்கள் அறிய இயலாது. அமுக்கியை வைத்திருப்போரின் பொறுப்பையே நம்பவேண்டியுள்ளது. சுரங்கத் தொழிலாளரின் சாவும் போரின் செலவும் ஈட்டித் தந்த காப்பு, கூலிக்கு மூழ்குவோனையும் சென்றடைகின்றதா என வினவுவது நமது கடனாகும்.