ஒரே இல்லத்தில் இரு கணிப்பொறிகள்



அண்டை வீட்டார் இருவர் பேசாதிருந்தால் அதற்குப் பின்னால் பழைய கதை ஒன்று இருக்கும் என்பர். ஒரே இல்லத்திலுள்ள இரு கணிப்பொறிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர மறுப்பதற்கும் அத்தகைய பழைய கதை உண்டு. அதனை அறிந்தவன் பழுதை எளிதில் காண்பான். அறியாதவன் பூட்டுகளையெல்லாம் உடைப்பான். அக்கதையை இன்று காண்போம்.

1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் மெட்காஃப், போக்ஸ் என்னும் இருவர் 'ஈதர்நெட்' என்ற இணைப்பு முறையை வகுத்தனர். கம்பி கிடைத்தது, ஆனால் கம்பியின் வழியே என்ன மொழியில் பேசுவது? ஒரு பொறி 'இக்கோப்பைத் தா' என்று கேட்கவும், மற்றது 'நீ யார்?' என்று வினவிப் பின் தரவும் ஓர் ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கை 1980-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் அமைத்தார். அதுவே எஸ்.எம்.பி. எனப்படும் நெறிமுறை. பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதனைத் தன் விண்டோஸில் ஏற்று வளர்த்தது.

விண்டோஸ் அல்லாத கணிப்பொறிகளின் நிலை யாது? 1991-ஆம் ஆண்டின் இறுதியில், ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அதற்கு வழி தேடினார். கம்பியில் செல்லும் செய்திகளைக் கூர்ந்து நோக்கியே அம்மொழியைக் கற்று, அதனைப் பேசும் நிரல் ஒன்றை எழுதினார். எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் வரும் சொல்லை அகராதியில் தேடி, அதற்குச் 'சம்பா' எனப் பெயரிட்டார். லினக்ஸும் விண்டோஸும் இன்று உறவாடுவது அம்முயற்சியின் பயனே.

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். 2011 செப்டம்பர் 15-ஆம் நாள், திருவள்ளூரை அடுத்த காக்களூரில், மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சீ-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் வகையும் இருந்தது. பழைய கணிப்பொறி ஒன்று முன்பே இருந்த இல்லங்களில் அதன் அருகே புதியதொன்று வந்து அமர்ந்தது. அங்கேதான் பிணக்கும் தொடங்கியது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் இல்லத்தில் நான் கண்டதைச் சொல்வேன். தந்தையின் பழைய கணிப்பொறியில் விண்டோஸ் எக்ஸ்பி. மகளின் மடிக்கணினியில் விண்டோஸ் 7. "ஐயா, அப்பாவின் கணிப்பொறி பட்டியலில் தென்படவே இல்லை" என்றாள் அம்மாணவி. முதலில் கம்பி செருகுமிடத்து விளக்கைப் பார்த்தோம், எரிந்தது. அடுத்து எண்முகவரிகளைப் பார்த்தோம்; இரண்டும் 192.168 என்றே தொடங்கி, ஒரே வரிசையில் இருந்தன. ஒன்று 169.254 என்று தொடங்கியிருந்தால், அதற்கு ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். பின், பெயரை விடுத்து எண்முகவரியால் அழைத்தோம், கோப்புறை திறந்தது! ஆகவே, பாதை நலமே. குறை பெயரில் என்பது தெளிவாயிற்று. எக்ஸ்பியின் இல்லப் பதிப்பு தன் குழுவை 'எம்எஸ்ஹோம்' என்று குறித்துக்கொள்ளும். விண்டோஸ் 7 'ஒர்க்குரூப்' என்று குறிக்கும். இரு குழுப்பெயரையும் ஒன்றாக்கினோம். மறுதொடக்கத்திற்குப் பின் சிறிது நேரத்தில் பெயர் பட்டியலில் தோன்றியது.

அதே இல்லத்தில் இன்று விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள புதிய கணிப்பொறியை வைத்தால், எண்முகவரியால் அழைத்தாலும் கதவு திறவாது. காரணம் கேளுங்கள். எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பில் இருந்த ஒரு குறையைத் திருத்தும் மென்பொருளை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் மாதத்தில் வெளியிட்டது. பலர் அதனை நிறுவவில்லை. மே 12-ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் அக்குறையின் வழியே புகுந்தது. 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் அதற்கு இரையாயின. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது அது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் திகைத்தன. சென்னையை அடுத்த ரெனோ–நிசான் கார்த் தொழிற்சாலையும் பாதிப்புக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டின் இறுதியிலிருந்து புதிய விண்டோஸில் முதற்பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை. எக்ஸ்பி அறிந்ததோ அம்முதற்பதிப்பு ஒன்றே.

அவசரத்தில் சிலர் பழைய பதிப்பை மீண்டும் இயக்குவர். பாதுகாப்புச் சுவரையும் அணைத்துவிடுவர். கோப்பு வந்துசேரும், கதவோ திறந்தபடியே நிற்கும். அதனினும், பழைய கணிப்பொறியின் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துச் சோதித்துக்கொண்டு, அதனை வலைப்பின்னலிலிருந்து விலக்குவதே தக்கது.

ஆதலின் மாணவர்களே, கணிப்பொறிகள் பிணங்கினால் வரிசையாகக் கேளுங்கள்: கம்பி உண்டா? முகவரி ஒரே வரிசையா? பெயர் தெரிகிறதா? பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரியா? இரண்டும் ஒரே பதிப்பின் மொழியைப் பேசுகின்றனவா? ஐந்தாம் வினாவுக்கு 'இல்லை' என்பது விடையாயின், அக்கதவை அடைத்தவர் ஏன் அடைத்தார் என்பதை அறிந்த பின்னரே அதில் கை வையுங்கள்.