கோமாரி வராத நாட்டில் பிறந்த மென்பொருள்

நியூசிலாந்தில் கோமாரி நோய் ஒருமுறைகூடப் பதிவானதில்லை. ஆனாலும் அந்நோய் பரவுவதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் முன்னோடி மென்பொருளான இன்டர்ஸ்பிரெட் பிறந்தது அங்கேதான். பாலும் இறைச்சியும் ஏற்றுமதி செய்து வாழும் நாடு அது. ஒரு பண்ணையில் கோமாரி உறுதியானாலே வெளிநாட்டுச் சந்தைகள் கதவை அடைத்துவிடும். அந்த அச்சம்தான் இதைப் பெற்றெடுத்தது.

மாசி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சான்சன் 1993இல் முடித்த முனைவர் ஆய்வு இதன் தொட்டில். கணினிக்குள் ஒவ்வொரு பண்ணையும் அதனதன் இடத்தில் நிற்கும். ஒன்றில் நோயை விட்டுவிட்டு நாள் நாளாக நகர்த்துவார்கள். விற்ற மாட்டோடு போகும், வந்துபோகும் வண்டியோடு போகும், வேலி தாண்டும். காற்றிலும் போகும். 1981இல் பிரான்சின் பிரிட்டனியில் கிளம்பிய கிருமி, சுமார் 250 கிலோமீட்டர் கடல் கடந்து இங்கிலாந்தின் வைட் தீவு மாடுகளைத் தாக்கியிருக்கிறது. நோய் எந்தப் பண்ணையில் ஏறும் என்பதில் தற்செயலுக்கும் பங்குண்டு. அதனால் ஒரே நிலைமையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். விடை ஒற்றை எண்ணாக வராது, வீச்சாக வரும். இந்த நேர்மைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

பிறந்த மண்ணில் நோய் இல்லை. பிரிட்டனில்தான் சோதனை வந்தது. 2001 பிப்ரவரியில் எசெக்ஸ் இறைச்சிக்கூடம் ஒன்றின் பன்றிகளில் கோமாரி தெரிந்தது. நடமாட்டத் தடை வருவதற்குள் சந்தை ஆடுகள் வழியே அது நாடெங்கும் போய்விட்டது. மாசியின் ரோஜர் மாரிஸ் குழு இன்டர்ஸ்பிரெட்டை ஓட்டி, ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் நோய் ஓயும், 1800 முதல் 1900 பண்ணைகள் பாதிக்கப்படும் என்று கணித்தது. கடைசிப் பண்ணை செப்டம்பர் 30இல் உறுதியானது, மொத்தம் 2026 பண்ணைகள். வேறு குழுக்களின் கணினி மாதிரிகளும் அப்போது அரசுக்கு ஆலோசனை தந்தன. நோய் காணாத அண்டைப் பண்ணைகளின் கால்நடைகளையும் 48 மணி நேரத்தில் கொல்லும் கொள்கைக்கு அவை துணை நின்றன. அத்தனையும் தேவைதானா என்று கால்நடை மருத்துவர்களே பின்னர் கடுமையாகக் கேட்டார்கள். கொல்லப்பட்டவை 60 லட்சத்துக்கும் மேல். அந்தக் கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். நோய் நாடெங்கும் பரவிய பிறகு, அவசரத்தில் திரட்டிய தகவலை வைத்து மாதிரி ஓட்டுவது மிகவும் தாமதம்.

எந்தப் பண்ணை எங்கே இருக்கிறது, அதில் எத்தனை கால்நடைகள், அவை எந்தச் சந்தைக்குப் போகின்றன என்ற பதிவேட்டை, நோய் இல்லாத ஆண்டுகளிலேயே அரசுகள் பணம் ஒதுக்கிப் பராமரிக்க வேண்டும்.