மடிக்குள் இருந்த கிருமி: ஆலிஸ் எவன்ஸின் ஆய்வும் அமெரிக்கப் பால் சுகாதார விவாதமும்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ‘தூய பால்’ என்பது வெளியிலிருந்து அழுக்குப் படாத பால் என்றே பொருள்பட்டது. நலமாகத் தோன்றும் பசுவின் மடியிலேயே மனிதருக்கு நோய் தரும் கிருமி வாழக்கூடும் என்பதை ஆலிஸ் எவன்ஸின் 1918ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அம்முடிவு ஏற்கப்படுவதற்குப் பத்தாண்டுகள் ஏன் தேவைப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தனிமனிதக் காழ்ப்பு மட்டுமன்றி, கிருமிகளுக்குப் பெயரிட்ட முறையும் ஆய்வுக்கூட நுட்பங்களின் எல்லையும் அத்தாமதத்திற்குக் காரணமாயின என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: பால் நுண்ணுயிரியல், மடித்தொற்று, கன்று வீச்சு நோய், மால்டா காய்ச்சல், ஆலிஸ் எவன்ஸ்

முன்னுரை

கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிப்பது தமிழ் இல்லங்களில் வழக்கமன்று. ஆதலால், பாலைச் சூடாக்குவதா வேண்டாமா என்பது ஒரு நாட்டின் மருத்துவர்களையும் பண்ணையாளர்களையும் பல்லாண்டுகள் பிரித்து வைத்த வினா என்பது நமக்கு வியப்பளிக்கலாம். அமெரிக்காவில் அது அவ்வாறே இருந்தது. பச்சைப் பாலே இயற்கையானது, குழந்தைக்கு ஏற்றது என்று கருதிய மருத்துவர்கள் அங்குப் பலர் இருந்தனர். சூடாக்குவது அழுக்குப் பாலை விற்பதற்கான குறுக்குவழி என்றும் அவர்கள் ஐயுற்றனர். அவ்வையம் முற்றிலும் அடிப்படையற்றதென்று சொல்லிவிட முடியாது.

தூய பால் என்னும் கருத்து

நியூ ஜெர்சியின் நியூவர்க் நகர மருத்துவர் ஹென்றி கோய்ட் 1893இல் ‘சான்றுபெற்ற பால்’ என்னும் முறையை வகுத்தார். மருத்துவர் குழு ஒன்று பண்ணையைக் கண்காணிக்கும், மாடுகள் சோதிக்கப்படும், கறப்பவரின் கை, பாத்திரம், தொழுவம் ஆகியவை தூய்மையாக இருத்தல் வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் பாலில் பாக்டீரியாக்கள் 10,000க்கு மேற்படலாகாது என்ற வரம்பும் ஏற்பட்டது. பால் சூடாக்கப்படாமலே விற்கப்பட்டது; விலையும் மிகுதி.

இம்முறையின் உள்ளே ஓர் எடுகோள் இருந்தது. மடி தூய்மையானது, கெடுவதெல்லாம் மடியை விட்டு வெளிவந்த பிறகே என்பது அது. வீங்கிச் சிவந்து, பால் திரிந்து வரும் மடிநோய் விதிவிலக்கு. அதனைக் கறப்பவரே கண்டுகொள்வார். கண்ணுக்குத் தெரியாத மடித்தொற்றுக்கு இத்திட்டத்தில் இடமே இல்லை.

பென்சில்வேனியாவில் 1881இல் பிறந்து, கார்னெல், விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களில் பயின்ற ஆலிஸ் எவன்ஸ், அமெரிக்க வேளாண்மைத் துறையின் கால்நடைப் பிரிவுக்கு உட்பட்ட பால்வள ஆய்வில் 1910இல் சேர்ந்தார். 1913இல் வாஷிங்டன் ஆய்வுக்கூடத்திற்கு வந்தார். பாலில் பாக்டீரியா எவ்வெவ்வழியே நுழைகின்றது என்பது அங்கு அவர் பங்கேற்ற ஆய்வு. நோயற்ற மடியிலிருந்து நேரே கறந்த பாலைக் குறித்து அவர் 1916இல் கட்டுரை வெளியிட்டார். மடியே கிருமிகளின் உறைவிடமாக இருந்ததை அவ்வாய்வு காட்டியது. அவற்றுள் ஒன்று, மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்குவதாக அறியப்பட்டிருந்த கிருமி.

இரு நோய், இரு பெயர்

அக்கிருமியை டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் பாங் 1897இல் கண்டறிந்திருந்தார். தமிழில் கன்று வீச்சு நோய் எனப்படும் தொற்றுக்கு அதுவே காரணம். கருவை இழந்த பசு பின்னர் தேறிவிடும். ஆனால் கிருமி அதன் மடியிலும் மடியை அடுத்த நிணநீர்க் கணுக்களிலும் தங்கிவிடும். பால் நிறமோ சுவையோ மாறாது. கிருமி நாள்தோறும் வெளிப்படுவதுமில்லை. சில நாள் வரும், சில நாள் வராது. 1911இல் ஷ்ரோடர், காட்டன் ஆகியோர் பாலில் இதனைக் கண்டு தெரிவித்திருந்தும், மாட்டு நோய் மாட்டோடு நிற்கும் என்ற எண்ணமே நிலவியது.

மற்றொரு கதை மத்தியதரைக் கடலில் நடந்தது. மால்டா தீவில் பிரித்தானியப் படைவீரர்களை வாட்டிய காய்ச்சலின் கிருமியை டேவிட் புரூஸ் 1887இல் அறிவித்தார். காய்ச்சல் அலைபோல் ஏறி இறங்கும்; வியர்வை கொட்டும்; மூட்டுகள் வலிக்கும்; மாதக்கணக்கில் நீளும். 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் சாமிட், நலமாகத் தோன்றிய ஆடுகளே இதன் இருப்பிடம் என்று காட்டினார். தீவின் ஆடுகளில் ஏறத்தாழப் பாதிக்குத் தொற்று இருந்தது. 1906இல் படைமுகாமில் ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் நோய் சடுதியில் குறைந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறைக்கு இச்செய்தி தொலைவானதன்று. 1905இல் அத்துறைக்கென மால்டாவிலிருந்து ஆடுகளை ஏற்றிச் சென்ற கப்பலில் அவற்றின் பாலைக் குடித்தவர்கள் நோயுற்றிருந்தனர்.

இவ்விரு கதைகளையும் பிரித்து வைத்தது பெயரே. புரூஸ் தாம் கண்டதை உருண்டை வடிவினதாகக் கொண்டு ‘மைக்ரோகாக்கஸ் மெலிடென்சிஸ்’ என்றார். பாங் தாம் கண்டதைக் கோல் வடிவினதாகக் கொண்டு ‘பேசில்லஸ் அபார்ட்டஸ்’ என்றார். உண்மையில் இரண்டும் உருண்டைக்கும் கோலுக்கும் இடைப்பட்ட மிகச் சிறிய கிருமிகள். பார்ப்பவர் கண்ணுக்கேற்ப எப்பக்கமும் சாயக்கூடியவை. ஒன்று மருத்துவ நூல்களில் ஒரு பேரினத்தின் கீழும், மற்றொன்று கால்நடை நூல்களில் வேறொரு பேரினத்தின் கீழும் இடம்பெற்றன. இருபதாண்டுகள் இவற்றை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை என்றால், அதற்கு இப்பெயர்ப் பிரிவினையே முதற்காரணம் எனலாம்.

எவன்ஸ் வைத்துப் பார்த்தார். வளரும் தன்மை, வேதிவினை, கினிப்பன்றிகளில் விளையும் நோய்க்குறிகள், ஒரு கிருமிக்கு எதிரான ஊநீரில் மற்றொன்று திரளுகின்றதா என்னும் சோதனை ஆகியவற்றில் இரண்டும் ஏறக்குறையப் பிரிக்க முடியாதவையாக இருந்தன. முடிவை 1917இல் அமெரிக்கப் பாக்டீரியவியலாளர் சங்கத்தில் வாசித்து, 1918இல் அச்சிட்டார். ஆட்டுக் கிருமி மனிதரைத் தாக்குமென்றால் மாட்டுக் கிருமி ஏன் தாக்காது என்பது அதிலிருந்து எழுந்த வினா. சான்றுபெற்ற பால் முறையின் தந்தை கோய்ட் 1917ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். இவ்வினாவை அவர் எதிர்கொள்ள நேரவில்லை.

ஏற்காதவர்களும் அவர்தம் காரணங்களும்

எவன்ஸ் ஒரு பெண். முனைவர் பட்டம் பெறாதவர். பால்வளப் பிரிவைச் சேர்ந்தவர். இம்மூன்றும் அவருக்கு எதிராக நின்றன என்பதில் ஐயமில்லை. இது உண்மையானால் வேறு யாரேனும் முன்பே கண்டிருப்பார்களே என்ற பேச்சு எழுந்தது. சூடாக்கும் இயந்திரம் செய்வோருடன் அவர் கூட்டுச் சேர்ந்திருப்பதாகப் பால் தொழில் சார்ந்தோர் பழித்தனர் என்று அவருடைய நினைவுக்குறிப்புகளால் அறிகிறோம்.

எனினும், எதிர்த்தவர் அனைவரையும் காழ்ப்புடையோர் என ஒதுக்குவது வரலாற்றைச் சுருக்கிவிடும். எதிர்ப்பின் முதன்மைக் குரல் தியோபால்ட் ஸ்மித். அக்கால அமெரிக்க நுண்ணுயிரியலின் முன்னணி அறிஞர். மாட்டுக் காசநோய்க் கிருமியும் மனிதக் காசநோய்க் கிருமியும் வெவ்வேறானவை என்று 1898இல் நிறுவியவர் அவரே. ஒன்றெனத் தோன்றுவனவற்றுள் வேறுபாடு காண்பதில் பெயர்பெற்ற ஒருவர், வேறெனக் கருதப்பட்டவை ஒன்றே என்னும் கூற்றை எளிதில் ஏற்பாரா? மேலும், மாட்டுக் கிருமி அவ்வளவு பரவலாக இருந்தும் காய்ச்சல் நோயாளிகள் எங்கே என்ற கேள்வி நேர்மையானது. அதற்குரிய விடைகள் பின்னரே தெளிந்தன. மாட்டுவகைக் கிருமி ஆட்டுவகையைக் காட்டிலும் வீரியம் குறைந்தது. பெருநகரங்களில் பாலின் ஒரு பகுதி ஏற்கெனவே சூடாக்கப்பட்டு வந்தது. எஞ்சிய நோயாளிகளோ டைபாய்டு, மலேரியா, காசநோய் என வேறு பெயர்களில் பதிவாயினர்.

நுட்பத் தடையும் இருந்தது. பாங் கண்ட கிருமியைப் பாலிலிருந்து முதன்முறை பிரித்து வளர்க்கக் கார்பன் டை ஆக்சைடு மிகுந்த காற்று வேண்டும். பல நாள் காத்திருக்கவும் வேண்டும். பாலின் தூய்மையை அளக்க அன்றாடம் பயன்பட்ட எண்ணிக்கைச் சோதனையில் அது தென்படாது. எனவே மிகக் குறைந்த எண்ணிக்கை காட்டிய, மிக உயர்ந்த விலைக்கு விற்ற பாலிலும் அது இருக்கக்கூடும். போதாக்குறைக்கு, பால் நிற்கும்போது இக்கிருமி கொழுப்புத் துளிகளோடு மேலெழுந்து ஏட்டில் சேர்கின்றது. பாலில் மக்கள் மிகவும் விரும்பிய பகுதியும் அதுவே.

1920இல் சான் பிரான்சிஸ்கோவில் கார்ல் மேயரும் ஷாவும் எவன்ஸின் ஒப்பீட்டை உறுதிசெய்து, இரண்டையும் ‘புருசெல்லா’ என்னும் ஒரே பேரினத்தில் சேர்க்க முன்மொழிந்தனர். புதிய பெயர் புரூஸைச் சிறப்பித்தது. 1924இல் பால்டிமோரில் செஸ்டர் கீபர் ஒரு நோயாளியைப் பற்றி அறிவித்தார். ஆட்டுத் தொடர்பற்ற அந்நோயாளியிடம் இருந்தது மாட்டுவகைக் கிருமி.

ஆய்வாளரின் உடல்

1918இலேயே எவன்ஸ் பொதுச் சுகாதாரப் பணியின் ஆய்வுக்கூடத்திற்கு மாறியிருந்தார். அங்கு இக்கிருமிகளோடு பணிபுரிகையில் 1922இல் அவரே தொற்றுக்கு ஆளானார். காய்ச்சல் வந்து வந்து போயிற்று. அவருடைய நோயை நரம்புத் தளர்ச்சி என்றே மருத்துவர்கள் சில ஆண்டுகள் கருதினர். உடலிலிருந்து கிருமியே பிரிக்கப்பட்ட பிறகுதான் ஐயம் நீங்கியது. ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு மேல் அவரை அது விட்டுவிட்டுத் துன்புறுத்தியது. நாள்பட்ட நோய் எவ்வாறு பதிவேட்டில் ஏறாமல் மறைந்துபோகும் என்பதற்கு, அதனைக் கண்டறிந்தவரின் நோயேட்டை விடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1928இல் அவர் அமெரிக்கப் பாக்டீரியவியலாளர் சங்கத்தின் தலைவரானார்; அப்பொறுப்பேற்ற முதல் பெண் அவர்.

தொழுவத்திற்குத் திரும்பல்

1920களின் இறுதிக்குள் மருத்துவர்கள் தேடத் தொடங்கினர்; தேடியதும் நோயாளிகள் கிடைத்தனர். 63 பாகை செல்சியஸில் அரைமணி நேரம் சூடாக்கினால் இக்கிருமி மடியும் என்பதால், பச்சைப் பாலுக்கு ஆதரவான வாதம் வலுவிழந்தது. ஆயினும் சட்டம் மெல்லவே வந்தது. விற்பனைப் பால் அனைத்தையும் சூடாக்க வேண்டுமென்று மாநில அளவில் முதலில் விதித்தது மிச்சிகன், 1947இல். அவ்வாண்டு அமெரிக்காவில் பதிவான மனித நோயாளிகள் 6,321 பேர்.

சூடாக்குதல் குடிப்பவரைக் காத்தது. கறப்பவரையும், கன்று ஈனும்போது கைகொடுப்பவரையும், இறைச்சிக்கூடத் தொழிலாளரையும் காக்கவில்லை. அயோவா மாநில ஆய்வுகள் மாட்டைத் தொட்டுப் பணிபுரிவோரிடம் நோய் மிகுந்திருந்ததை வெளிப்படுத்தின. ஆகவே மந்தையையே தூய்மையாக்க வேண்டியதாயிற்று. 1934இல் குருதிச் சோதனையில் சிக்கிய மாடுகளைக் கழிக்கும் பணியைக் கூட்டாட்சி அரசு தொடங்கியது. பின்னர்க் கன்றுகளுக்குத் தடுப்பூசியும், 1954இல் மாநிலங்களோடு இணைந்த ஒழிப்புத் திட்டமும் வந்தன. சோதனைச் செலவைக் காட்டிலும், நன்கு கறக்கும், நோய்க்குறி ஏதும் காட்டாத பசுவைக் கொல்லக் கொடுப்பதே பண்ணையாளருக்குக் கடினமாயிருந்தது.