குளச் சீரமைப்பும் நிலத்தடி நீரும்

குளச் சீரமைப்பு என்பது தூர்ந்துபோன ஏரி, கண்மாய், குளம், குட்டை ஆகியவற்றைப் பழைய கொள்ளளவுக்கு மீட்டு, மழைநீர் நிலத்துக்குள் இறங்க வழிசெய்யும் பணி. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. மாநிலப் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப்பாறை நிலம். அங்கே பாறையின் மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் அதன் வெடிப்புகளிலுமே நீர் தங்கும். ஆண்டு மழையில் பாதியளவு வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுவதால், ஓடும் நீரைத் தேக்கினால்தான் அது மெல்லக் கசிந்து இறங்கும்.

சிதைந்த பாறையில் கிணற்றுக்குக் கிடைக்கும் நீர் நூற்றுக்கு இரண்டு பங்கு என்று கொண்டால், 2 செ.மீ. நீர் இறங்கினாலே கிணற்று மட்டம் 1 மீட்டர் ஏறும். குளம் நிறைந்த சில நாள்களில் கரைக்குக் கீழுள்ள கிணறுகள் ஊறுவது இதனால்தான். மோட்டார் போட்டதும் அதே வேகத்தில் வற்றுவதற்கும் காரணம் இதுவே.

வெள்ளம் கொண்டுவரும் வண்டல் கரையோரப் பள்ளத்தில் படிகிறது. கொள்ளளவு குறைவது கண்ணுக்குத் தெரியும். நுண்ணிய களி மண்துளைகளை அடைத்துக் கசிவை நிறுத்துவது தெரியாது. வண்டலை அள்ளி வயலுக்கு உரமாக இடுவது பழைய வழக்கம். ஆனால் சீரமைப்பு என்றாலே பொக்லைன் இறக்குவதுதான் என்ற எண்ணம் பரவிவிட்டது. குளத்துக்கு நீர் வரும் வரத்துக்கால் அடைபட்டிருந்தால் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் பள்ளம்தான் மிஞ்சும். கரையடியை ஒட்டித் தோண்டினால் கரையே சரியும். எனவே வரத்துக்கால், கரை, வயலுக்கு நீர் விடும் மடை, மிகுநீர் வழியும் கலிங்கு ஆகியவற்றைப் பார்த்த பிறகே தூர்வார வேண்டும். கண்மாய்கள் சங்கிலியாக அமைந்தவை. மேல் கண்மாயின் கலிங்கு வழிந்தால்தான் கீழ் கண்மாய் நிறையும்.

எல்லா நீர்நிலையும் கசிவதற்கானது அல்ல. இராமநாதபுரம் பகுதியில் நிலத்தடி நீர் உவர்ப்பாக உள்ள ஊர்களில், குடிநீர் ஊருணி மழைநீரைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். அங்கே அடிக்களியைக் கிளறினால் ஊருக்குக் குடிநீர் இல்லாமல் போய்விடும்.

உத்திரமேரூரின் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் ஏரியைக் கவனித்த ஊர்க் குழுவான ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஊரார் கூடிச் செய்த பராமரிப்புக்குக் குடிமராமத்து என்று பெயர். வழக்கமான அவ்வேலைக்கு வராதவரிடம் தண்டம் வசூலிக்கச் சென்னை மாகாணத்தின் 1858ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. தமிழ்நாடு அரசு 2017இல் அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது.

சில ஊர்களில் மடையை அடைத்து, ஏரியை முழுக்கக் கசிவுநீர்க் குட்டையாக்கிவிட்டார்கள். ஏரியின் பாசனப் பரப்பான ஆயக்கட்டில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இது லாபம். கிணறு இல்லாதவர் முன்பு வாய்க்காலில் உரிமையாகப் பெற்ற தண்ணீரைப் பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது.