சொந்தமாக அமைத்த இணையத்தளம்... மின்னஞ்சல் மட்டும் போகலையா?

சங்க நிகழ்ச்சிக்குப் பதிவுசெய்ய நீங்களே ஓர் இணையத்தளம் அமைக்கிறீர்கள். சர்வரை வாடகைக்கு எடுத்து, வேர்ட்பிரஸ் நிறுவியாச்சு. பக்கமும் திறக்கிறது.

ஆனால் பதிவுசெய்த யாருக்கும் உறுதி மின்னஞ்சல் போகவில்லை!

நிறுவும்போது வரும் கோளாறு திரையிலேயே தெரிந்துவிடும். மின்னஞ்சல் கோளாறு சத்தமில்லாமல் நடக்கும். யாராவது "எனக்கு வரலையே" என்று சொன்னால்தான் தெரியும்.

என்ன செய்யலாம்?

நிறுவும்போது...

📌 டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லையா?

கான்ஃபிக் கோப்பில் டேட்டாபேஸ் பெயர், பயனீட்டாளர் பெயர், மறைச்சொல், ஹோஸ்ட் முகவரி ஆகிய நான்கையும் சரிபாருங்கள். மறைச்சொல்லை நகலெடுக்கும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டாலே போதும், இணைப்பு கிடைக்காது.

📌 வெறும் வெள்ளைத் திரையா?

பெரும்பாலும் ஏதாவது ஒரு பிளகின் காரணமாக இருக்கும். சர்வரில் பிளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றினால் எல்லா பிளகின்களும் நின்றுவிடும். தளம் திறந்தால் பெயரைப் பழையபடி மாற்றி, ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள்.

மின்னஞ்சல் ஏன் போகவில்லை?

வேர்ட்பிரஸ் கடிதத்தைச் சர்வரிடம் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை.

தொல்லை மின்னஞ்சலைத் தடுக்க, பல கிளவுட் நிறுவனங்கள் போர்ட் 25ஐ மூடி வைத்திருக்கின்றன. கடிதம் அங்கேயே நின்றுவிடலாம்.

அதைத் தாண்டினாலும் இன்னொரு சோதனை உண்டு. கூகல், யாகூ இரண்டும் 2024 பிப்ரவரியில் விதிகளைக் கடுமையாக்கின. அனுப்புபவர் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடிதம் ஸ்பேமுக்குப் போகலாம், திருப்பியும் அனுப்பப்படலாம்.

எப்படிச் சரிசெய்வது?

1️⃣ எஸ்எம்டிபி பிளகின் ஒன்றைப் போட்டு, மின்னஞ்சல் சேவை வழியாக அனுப்புங்கள். போர்ட் 587 அல்லது 465.

2️⃣ ஜிமெயில் வழியாக அனுப்பினால் வழக்கமான மறைச்சொல் வேலைசெய்யாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 'ஆப் பாஸ்வேர்ட்' ஒன்றை உருவாக்குங்கள்.

3️⃣ சொந்த டொமைனா? டிஎன்எஸ் பகுதியில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் விவரங்களைச் சேருங்கள். உங்கள் பெயரில் எந்தச் சர்வர் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப். கடிதத்துக்கு மின்னிலக்கக் கையெழுத்துப் போடுவது டிகேஐஎம். ஒரு டொமைனுக்கு ஒரே ஓர் எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு வைத்தால் சோதனை தோல்வியடையும்.

4️⃣ அனுப்புநர் முகவரி உங்கள் டொமைனிலேயே இருக்கட்டும். படிவத்தை நிரப்பியவரின் முகவரியை அங்கே போடாதீர்கள். அதை 'ரிப்ளை-டு' பகுதியில் சேருங்கள்.

சரியாகிவிட்டதா?

ஜிமெயில், அவுட்லுக் இரண்டுக்கும் சோதனைக் கடிதம் அனுப்புங்கள். ஜிமெயிலில் கடிதத்தைத் திறந்து 'ஷோ ஒரிஜினல்' தட்டினால், எஸ்பிஎஃப், டிகேஐஎம் பக்கத்தில் 'பாஸ்' என்று வரவேண்டும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். நாளைக்கு நீங்களே மறைச்சொல்லை மறந்துவிட்டால், அதை மாற்றும் இணைப்பும் மின்னஞ்சலில்தான் வரும்.

தளத்தின் முகவரியை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதற்கு முன்னால், உங்கள் பெயரையே ஒருமுறை பதிவுசெய்து பாருங்கள்!