கைமாறும் துப்பாக்கியும் திருச்சிலுவை மரமும்

1997 ஏப்ரலில் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி 'கன்' என்னும் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. பெயரின் பொருள் துப்பாக்கி. வாரம் ஒரு தனிக்கதை; கதைதோறும் புதிய மாந்தர். கதைகளை இணைத்தது, முத்துச்சிப்பிப் பிடி போட்ட ஒரு கைத்துப்பாக்கி. அது கைமாறிக்கொண்டே போகும். போகுமிடமெல்லாம் வாழ்வைப் புரட்டும். ஆறு கதைகளோடு மே மாதத்திலேயே தொடர் நின்றுபோயிற்று. தயாரிப்பாளருள் ஒருவரும், ஒரு கதையை இயக்கியவருமான இராபர்ட் ஆல்ட்மன் கன்சாஸ் சிட்டியின் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இயேசு சபையாரிடம் பயின்றவர்.

தனிக்கதைத் தொடர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் புதியவை அல்ல. 1955இல் தொடங்கிய ஹிட்ச்காக்கின் தொடரும், 1959 முதல் 1964 வரை வந்த 'டுவைலைட் ஸோன்' தொடரும் பெரும் புகழ் பெற்றவை. அவற்றில் வாரந்தோறும் தோன்றிப் பேசும் ஒரு மனிதர்தாம் இணைப்பு. ஒன்றில் ஹிட்ச்காக், மற்றதில் ராட் செர்லிங். 'கன்' அந்த மனிதரை நீக்கிவிட்டு, அவரிடத்தில் வாய்பேசாத ஒரு பொருளை வைத்தது.

இந்த உத்தியைத் திரைப்படம் முன்பே அறிந்திருந்தது. கிறிஸ்துவின் பாடுகளை 1935இல் 'கொல்கொதா' எனப் படமாக்கிய ஜூலியன் டுவிவியே, 1942இல் 'டேல்ஸ் ஆஃப் மன்ஹாட்டன்' படத்தில் ஒரு மேலங்கியைச் செல்வரிடமிருந்து ஏழைகள் வரை நடக்கவிட்டார். இறுதியில் அது சோளக்கொல்லைப் பொம்மையின் மேல் தொங்குகிறது. 1950இல் வந்த 'வின்செஸ்டர் 73' படத்தில் அனைவரும் ஆசைப்படும் ஓர் அரிய துப்பாக்கி கைமாறுகிறது.

ஆனால் இவ்வகைக் கதைகளில் ஆழமானது, என் கருத்தில், டால்ஸ்டாய் எழுதி, அவர் மறைந்தபின் 1911இல் வெளியான 'போலிக் கூப்பன்' என்னும் குறுநாவலே. பணமுடையால் வாடும் ஒரு பள்ளிச் சிறுவன், இரண்டரை ரூபிள் கூப்பனில் ஓர் எண்ணைச் சேர்த்துப் பன்னிரண்டரை ஆக்குகிறான். சிறு பொய்தான். அது கடைக்காரரை ஏய்க்கிறது. கடைக்காரர் ஒரு குடியானவனை ஏய்க்கிறார். இழிவு பெருகிப் பெருகிக் கொலையில் முடிகிறது. பிரெஞ்சு இயக்குநர் பிரெஸ்ஸோன் 1983இல் இதைப் 'பணம்' என்று படமாக்கியபோது, கொலைகாரன் குற்றத்தை ஒப்புக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டார். டால்ஸ்டாய் நிறுத்தவில்லை. கொல்லப்படும் வேளையிலும் கொலைஞனுக்காக இரங்கிய ஏழைப் பெண்ணின் குரல் அவனை விடாமல் தொடர்கிறது, அவன் மனந்திரும்புகிறான், பின்பாதி முழுவதும் நன்மை கைமாறுகிறது. அங்கே கைமாறுவதற்குக் கூப்பன் வேண்டியிருக்கவில்லை.

'கன்' தொடரில் இந்த இரண்டாம் பாதிக்கு இடமில்லை. முந்தைய கதையில் நேர்ந்ததை அடுத்த கதையின் மாந்தர் அறியார். அனைத்தையும் அறிந்தவர் வீட்டிலிருந்து பார்ப்பவர் மட்டுமே. ஒரே இரும்பைத் தொட்ட கைகள் ஒன்றையொன்று அறியாமலே போய்விடுகின்றன. துப்பாக்கிகள் மலிந்த ஒரு நாட்டைப் பற்றிய உண்மை இதுவாகவும் இருக்கலாம். எனினும் கதைகளுக்கிடையே உறவு பிறக்கவில்லை, தொடர்பு மட்டுமே இருந்தது.

நம் திருச்சபை மரபிலும் ஒரே பொருள் கோத்த கதைமாலை ஒன்று உண்டு: திருச்சிலுவை மரத்தின் கதை. விவிலியத்தில் இல்லாத இதை, ஜெனோவாவின் பேராயர் யாக்கோபு தெ வொராஜினே 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த புனிதர் வரலாற்று நூலில் காண்கிறோம். ஆதாமின் கல்லறையில் சேத்து நட்ட கிளை மரமாகிறது. சாலமோன் அதை வெட்டுகிறார். கட்டடத்தில் எங்கும் பொருந்தாததால் அது பாலமாகக் கிடக்கிறது. பின்னர் புதைக்கப்பட்டு, பாடுகளின் காலத்தில் நீரில் மிதந்தெழுந்து, சிலுவையாகிறது. முடிவில் புனித எலேனா அதைக் கண்டெடுக்கிறார்.

இம்மாலையின் நடுவே ஒருவர் மரத்தை அடையாளம் காண்கிறார். சேபா அரசி பாலத்தில் கால்வைக்க மறுத்து, வணங்குகிறார். 15ஆம் நூற்றாண்டில் பியெரோ தெல்லா பிரான்செஸ்கா இக்காட்சியை அரெஸ்ஸோ நகரின் புனித பிரான்சிஸ்கு ஆலயச் சுவரில் தீட்டினார். அரசி மண்டியிட்டிருக்கிறார், தோழியர் பின்னே நிற்கின்றனர். சற்றுத் தள்ளி, குதிரைகளோடு நிற்கும் பணியாளர் இருவர் தமக்குள் ஏதோ பேசிக்கொண்டிருக்கின்றனர்.