அத்தாப்பு நகரம் – அத்தியாயம் 6: கவிழ்ந்த விளக்கு

(சென்ற வாரம்: சிலாங்கூர் நிர்வாகம் 1880இல் கிள்ளானை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்தது. ஆற்றுக்கு மேற்கே வெள்ளைக்கார அதிகாரிகள், கிழக்கே காப்பித்தான் யாப் ஆ லோயின் கடைவீதி.)

1881 ஜனவரி. கடைவீதியில் ஓர் அபின் கடையில் எண்ணெய் விளக்கு ஒன்று தட்டுப்பட்டுக் கவிழ்ந்தது என்கிறார்கள். கவிழ்ந்தது ஒரு விளக்கு, எரிந்தது ஊர்.

ஏன் என்று தெரிய அந்தக் கூரைகளைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். நிப்பா பனையின் ஓலையை ஒரு குச்சியின் மேல் மடித்துப் பிரம்பு நாரால் தைப்பார்கள். அதுதான் அத்தாப்பு. நெருக்கி அடுக்கினால் அடைமழைக்கும் ஒழுகாது. நாலு நாள் வெயில் அடித்தாலோ நெருப்புக்கென்றே காயவைத்தது மாதிரி ஆகிவிடும். கடைவீதியில் ஒரு வீட்டுக் கூரை அடுத்த வீட்டுக் கூரையை இடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. பற்றிய ஓலை காற்றில் எழும்பிப் பத்து வீடு தாண்டி விழும். நீங்கள் இங்கே வாளியோடு ஓடிக்கொண்டிருப்பீர்கள், தீ அங்கே புதுக் கணக்கு ஆரம்பித்திருக்கும்.

யாப் ஆ லோய்க்கு இது புதிதல்ல. சிலாங்கூர்ப் போரில் 1872இல் பறிபோன ஊரை மறு வருடம் மீட்டு, நொறுங்கிக் கிடந்த இடத்தில் மறுபடி எழுப்பியவர். இந்த முறையும் எழுப்பினார். எதைக்கொண்டு? அதே ஓலை, அதே பலகை! கையில் கிடைப்பது அதுதான், விலையும் மலிவு. அந்த வருடமே வெள்ளமும் வந்து தன் பங்கை வாங்கிக்கொண்டு போனது.

1882இல் புது ரெசிடெண்டாக வந்தார் பிராங்க் சுவெட்டன்ஹாம். மறு வருடம் எச். எப். பெல்லமி தலைமையில் ஒரு தொண்டர் தீயணைப்புப் படை உருவானது. மொத்தம் 15 பேர். ஓலைக் கடல் ஒன்றுக்குப் பதினைந்து பேர்! ஆகவே தீயை அணைப்பதைவிடப் பரவவிடாமல் கட்டுவதே வழி என்று சுவெட்டன்ஹாம் முடிவு செய்தார். 1884இல் உத்தரவு பிறந்தது: இனிக் கட்டடங்கள் செங்கல் சுவர், ஓட்டுக் கூரை.

மரத்தை ஒழித்த சட்டம் என்று இதைப் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன்பின் எழுந்த கடைவீடுகளுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள்: மாடித் தளம் பலகை, உத்தரம் மரம், ஓட்டைத் தாங்கும் சட்டமும் மரம். மாறியது இரண்டுதான். ஓலை போனது, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே செங்கல் சுவர் வந்தது. பாலாவ் போன்ற கனத்த காட்டு மரம் தீயில் உடனே முறிந்து விழாது. மேல்பக்கம் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசம். நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் தீ உள்ளே இறங்கும். இன்று உலகெங்கும் மரத்தில் அடுக்குமாடி எழுப்பும் பொறியாளர்கள் இந்தக் கணக்கை நம்பித்தான் தூணின் பருமனைத் தீர்மானிக்கிறார்கள். மலேசியாவின் 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டட விதிகளும் தீ எத்தனை நேரம் தடுக்கப்பட வேண்டும் என்று சுவருக்குச் சுவர் கேட்கின்றன. சரியாக நூறு வருடம் கழித்து அதே கேள்வி.

இருக்கட்டும், 1884க்கு வருவோம். உத்தரவு போட்டாயிற்று, செங்கல் எங்கே?

யாப் ஆ லோய் ஊருக்குத் தெற்கே களிமண் நிலத்தை வளைத்துப் போட்டார். மண்ணைக் குழைத்து, அச்சில் அடித்து, காயவைத்து, சூளையில் அடுக்கினார்கள். நாம் இன்று வாழையிலையும் பூமாலையும் வாங்கப் போகும் பிரிக்பீல்ட்ஸ் அந்த நிலம்தான். தெருத் தெருவாக அத்தாப்பு இறங்க ஆரம்பித்தது.

வேலை பாதியில் நிற்கிறது. 1885 ஏப்ரலில் யாப் ஆ லோய் கண்ணை மூடினார். வயது 48. சூளைகளுக்கு எஜமான் இல்லை. ஊரில் இன்னும் எத்தனையோ கூரைகள் ஓலைதான்.

இந்த நேரத்தில்தான் கிள்ளான் பக்கமிருந்து தண்டவாளம் ஊரை நோக்கி நீண்டுகொண்டிருந்தது. அதன்மேல் வரப்போவது, புகைபோக்கி வழியாக நெருப்புப் பொறி கக்கும் நீராவி எஞ்சின்!

(தொடரும்)